துரைசாணி பள்ளிக்கூடத்துக் காலை வரிசை

மேலக்கோட்டை துரைசாணி பள்ளிக்கூடத்தில் படித்த பெண்கள், எந்த ஊரில் எந்த வயதில் செத்தாலும் சரி, அதற்கடுத்து வருகிற வேலைநாள் காலையில் ஒரே ஒரு தடவை பள்ளிக்கூடத்துக்கு வருவார்கள். பள்ளியை விட்டுப் போனபோது என்ன வயதோ அந்த வயதில், அந்தக் காலத்துச் சீருடையில், தங்கள் வகுப்பு வரிசையில் நின்று பள்ளிப் பாட்டைப் பாடிவிட்டு, முதல் மணி அடித்ததும் போய்விடுவார்கள். இது எப்போது தொடங்கியது என்று ஊரில் யாருக்கும் சொல்லத் தெரியாது. ஏன் என்று கேட்கிறவரை வெளியூர்க்காரர் என்று கண்டுகொண்டு, உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, பேச்சை மாற்றிவிடுவார்கள்.

பள்ளிக்கூடத்தின் உண்மையான பெயர் ஹெலன் மார்ஷ் பெண்கள் உயர்நிலைப் பள்ளி. ஹெலன் மார்ஷ் என்கிற வெள்ளைக்காரத் துரைசாணி மாட்டு வண்டியில் வந்து இறங்கி, பொம்பளைப் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட வீடுகளின் வாசலில் எல்லாம் குடையை ஊன்றிக்கொண்டு, சரி என்று சொல்லும்வரை வெயிலில் நின்று, அப்படி நின்று நின்று பிடித்துவந்த ஏழெட்டுப் பிள்ளைகளைப் புளியமரத்தடியில் உட்காரவைத்து ஆரம்பித்த பள்ளிக்கூடம் அது. அவள் காலராவில் போய்ச்சேர்ந்து, பள்ளி வளாகத்திலேயே கல்லறையாகி, புளியமரம் பட்டுப்போய், அந்த இடத்தில் வேதியியல் ஆய்வகம் வந்து, பிள்ளைகள் ஆயிரத்தைத் தாண்டி, ஜில்லாவில் யார் வீட்டில் பெண் பார்க்கப் போனாலும் "பிள்ளை துரைசாணி பள்ளிக்கூடம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் மாப்பிள்ளை வீட்டார் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருகிற நிலைமை வந்தது. பள்ளிக்கென்று வழக்கங்கள் சேர்ந்தன. திங்கட்கிழமை வெள்ளை கான்வாஸ் ஷூ. இரட்டைச் சடை, மடித்துக் கட்டிய நீல ரிப்பன். வராந்தாவில் ஓடக் கூடாது, மாடிப்படியில் பேசக் கூடாது, மைதானத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் விடைபெறும் நாளில் துரைசாணியின் கல்லறையைக் கழுவிவிட்டு, கழுவிய குடத்தை ஒன்பதாம் வகுப்பின் இடுப்பில் ஏற்றிவிட்டுப் போக வேண்டும். செத்தவர்கள் வந்து பாடிவிட்டுப் போவதும் இந்த வழக்கங்களோடு ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.

வரிசையில் கூடுதலாக ஆட்கள் நிற்பதற்கு ஒரு நல்ல பள்ளிக்கூடம் என்னென்ன ஏற்பாடு செய்ய முடியுமோ அத்தனையையும் அது செய்து வைத்திருந்தது. ஒவ்வொரு வரிசையிலும் பழையவர்களுக்காக ஆள் நிற்கிற அளவு இடம் விடப்பட்டது. அவர்களிடம் பெயர் கேட்கக் கூடாது, உற்றுப் பார்க்கக் கூடாது, ரிப்பன் அவிழ்ந்திருந்தால் மட்டும் கட்டிவிடலாம் என்று ஆறாம் வகுப்பில் சேருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள். மே மாத விடுமுறையில் செத்தவர்கள் ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்ததால், பள்ளி திறக்கிற அன்று வரிசைகள் கடைசி வேப்பமரம் வரை நீண்டுவிடும். புதிதாக வந்த பிள்ளைகள் பக்கத்தில் பாவாடை தாவணியில் நிற்கிற அக்காமார் பாடுவதைக் கேட்டே பள்ளிப் பாட்டைத் தப்பில்லாமல் படித்துக்கொண்டார்கள். ஒரு தடவை பார்வையிட வந்த கல்வி அதிகாரி, தலை எண்ணிக்கை இடிக்கிறதே என்று கேட்டார். "பழைய மாணவிகள் சார், பெல் அடிச்சதும் போயிருவாங்க" என்று தலைமையாசிரியை சொன்னதும், ஓ என்று காபியைக் குடித்துமுடித்து, கிளம்பும்போது ஜீப்பில் ஒரு காலை வைத்தபடி தயங்கி, தன் மாமியாரும் இங்கேதான் படித்தவர், ஒருவேளை வந்தால் ஒரு போன் போட முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஊர் அதைவிட நன்றாகப் பழகிக்கொண்டது. சவப்பெட்டிக் கடை பொன்னையா காலை டீயைப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே உள்ள கடையில்தான் குடிப்பார். டெல்லியிலும் துபாயிலும் இருக்கிற மகன்கள் அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போன் போடுவதற்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டார்கள். கட்டிக்கொடுத்த இடத்தில் பெண்ணைப் பற்றித் தகவலே இல்லாத தாய்மார்கள் மாதம் ஒருமுறை வந்து, வரவில்லை என்று கேட்டுக்கொண்டு, மனநிறைவோடு காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். சர்ச்சுக்குப் போகிற வீடு, கோயிலுக்குப் போகிற வீடு, பள்ளிவாசலுக்குப் போகிற வீடு என்று எல்லா வீட்டாரும் பெண்ணை அங்கே சேர்க்கத் துடித்ததற்குப் படிப்பு ஒரு காரணம் என்றால் இது இன்னொரு காரணம். துரைசாணி பள்ளிக்கூடத்தில் படித்த பெண் எங்கே போனாலும் காணாமல் போய்விட மாட்டாள், இருக்கிறாளா இல்லையா என்பதாவது தெரிந்துவிடும் என்று ஊர் நம்பியது. அது உண்மையும்கூட, ஒருத்தி விஷயத்தைத் தவிர.

அந்த ஒருத்தி, பள்ளியின் பி.டி. டீச்சர் பியூலாவின் அக்காள். அவர்கள் அப்பா தேவசகாயம், சுற்று வட்டாரச் சபைகளுக்கு உபதேசியார். வேத வசனம் ஒன்றில் அடுத்தடுத்து வருகிற இரண்டு பெயர்களை எடுத்து மூத்தவளுக்கு எப்சிபா என்றும் இளையவளுக்கு பியூலா என்றும் வைத்தார். மூன்றாவது பிறந்தால் வசனத்தில் பெயர் மிச்சமில்லையே உபதேசியாரே என்று சபையில் கேலி செய்வார்கள். எப்சிபா ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது பியூலா ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். அக்காள் நெடுநெடுவென்று உயரம் என்றும், வளையப் பந்தை அவள் வீசினால் வலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள் என்றும், அவள் சிரிப்பு பள்ளிக்கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கும் என்றும் பியூலாவுக்கு ஞாபகம்.

அந்த வருஷம் ஐப்பசியில், ஒரு சனிக்கிழமை சிறப்பு வகுப்பு முடிந்ததும், எப்சிபா சீருடையோடு நேரே போய் சினிமா கொட்டகையில் மதிய ஆட்டம் பார்த்தாள். தனியாகத்தான் போனாள், யாருக்காகவும் போகவில்லை, படம் பார்க்கத்தான் போனாள். ஆனால் நீலத் தாவணியைத் திரையின் வெளிச்சத்தில் யாரோ பார்த்துவிட்டார்கள். சீருடையில் கொட்டகைக்குப் போனவளைப் பள்ளியிலிருந்து நீக்குவது என்பது விதி. நீக்குவதற்குப் பள்ளியில் ஒரு முறை இருந்தது. அதற்குத் திரும்புதல் என்று பெயர்.

காலை வரிசையில் பிள்ளைகள் எல்லோரும் கொடிக்கம்பத்தையும் அதற்குப் பின்னால் உள்ள வாசல் கதவையும் பார்த்து நிற்பார்கள். நீக்கப்பட்ட பிள்ளையை வரிசையை விட்டு வெளியே வரச் சொல்லி, அவள் பெயரைப் பதிவிலிருந்து எடுத்துவிட்டதாகத் தலைமையாசிரியை அறிவிப்பார். பி.டி. டீச்சர் "அபவுட் டர்ன்" என்பார். பள்ளிக்கூடம் மொத்தமும், ஆசிரியைகளும், கதவைத் திறந்துவிட்ட வாட்ச்மேனும், வாசலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்பார்கள். கதவு மூடுகிற சத்தம் கேட்கும்வரை யாரும் திரும்பக் கூடாது. நூறு வருஷத்தில் இப்படி அனுப்பப்பட்டவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம் என்பதில் பள்ளிக்குப் பெருமை உண்டு. அவமானப்பட்டுப் போகிற பிள்ளையை யாரும் வேடிக்கை பார்க்கக் கூடாது என்ற இரக்கத்தால் வந்த வழக்கம் இது என்று பள்ளி மலரில்கூட எழுதியிருந்தார்கள்.

அந்தத் திங்கட்கிழமை பதினொரு வயது பியூலாவும் எல்லோரோடும் திரும்பினாள். திரும்பச் சொன்னார்கள், திரும்பினாள். பின்னால் காலடிச் சத்தம் போனது, கதவு கிரீச்சிட்டது, மூடியது.

எப்சிபா வீட்டுக்கு வரவில்லை. சாயங்காலம் உபதேசியார் பள்ளிக்கூட வாசலில் நின்று, பிள்ளை எந்தப் பக்கம் போனாள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். வாசலுக்கு இடது பக்கம் போனால் பஸ் ஸ்டாண்டு, வலது பக்கம் போனால் ஆறு. ஆயிரம் பேர் நின்ற இடத்தில் ஒருத்தரும் பார்க்கவில்லை. கடைசியில் தன் சின்ன மகளைப் பார்த்து, "நீயாவது பாத்தியா பிள்ளே?" என்று கேட்டார். பியூலா இல்லை என்று தலையசைத்தாள். ஆற்றில் அப்போது வெள்ளம் இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. இறங்கித் தேடியவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பஸ் கண்டக்டர்களுக்கு ஞாபகமில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் அம்மா சொர்ணபாய், அவளும் துரைசாணி பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான், ஆளனுப்பித் தலைமையாசிரியையிடம் கேட்டாள். வரிசையில் எப்சிபா வரவில்லை என்று பதில் வந்தது. அம்மா முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொன்னாள். வரிசையில் வரவில்லை என்றால் எங்கோ உயிரோடு இருக்கிறாள் என்றுதானே அர்த்தம்.

மறுநாளிலிருந்தே உபதேசியார் பியூலாவை அங்கே அனுப்பவில்லை; அந்த வாரமே அவள் டி.சி.யை வாங்கி, பத்து மைல் தள்ளி இருக்கிற சர்க்கார் பள்ளியில் சேர்த்துவிட்டார். அதற்கப்புறம் அவர் மகளிடம் எப்சிபாவின் பெயரைச் சொன்னதே இல்லை. அம்மா அதைத் தவிர வேறு பேசியதில்லை. பியூலா இரண்டு பேருக்கும் நடுவில் வளர்ந்து, உடற்கல்விப் பயிற்சி முடித்து, வேறு இடங்களில் கிடைத்த வேலையையெல்லாம் வேண்டாமென்று சொல்லி, துரைசாணி பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராகத் திரும்பி வந்தாள். எல்லா முகத்தையும் தினமும் நேருக்கு நேர் பார்க்கிற வேலை அது ஒன்றுதான். கொடிக்கம்பத்தடி மேடையில் வாசலுக்கு முதுகும் பிள்ளைகளுக்கு முகமுமாக நின்று, விசிலை வாயில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிசையிலும் பழையவர்களுக்காக விட்ட இடங்களைக் கண்ணால் துழாவுவாள். பாட்டு முடிந்ததும் வரிசைகளை வராந்தாவில் நடத்திக்கொண்டு போய் வகுப்புகளில் விட வேண்டும். தாமதமாக வருகிறவர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்தி, பாட்டு முடிந்ததும் திறந்துவிடுவது வாட்ச்மேன் பாடு.

வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்பாள். "இன்னைக்கு வந்தாளாட்டி?"

"இல்லம்மா."

"ஸ்தோத்திரம்" என்பாள் அம்மா, சாப்பாடு வைப்பாள்.

சாப்பிடும்போது எப்சிபாவுக்கு இப்போது என்ன வயதிருக்கும், பம்பாயில் இருப்பாளா, பிள்ளைகள் எத்தனை, மூத்தது படிப்பை முடித்திருக்குமா, எப்சிக்கு முழங்கால் வலி வந்திருக்குமே, நம்ம வீட்டுப் பொம்பளைகளுக்கு நாற்பதிலேயே வந்துவிடுமே என்றெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டிருப்பாள். அந்த வீட்டில் எப்சிபா வருஷத்துக்கு வருஷம் சரியாக வயதேறிக்கொண்டிருந்தாள். பியூலா உம் கொட்டுவாள். முதல் சில வருஷங்கள் மேடையேறும்போது அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும், வந்துவிடக் கூடாதே என்று. பிறகு, வந்தாலாவது முடிந்துபோகுமே என்று அடித்துக்கொண்டது. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் நம்முடையது என்றே தெரியாமல் போகுமே, அப்படி அவளுக்கு உள்ளே மரத்துப்போனது. கல்யாணப் பேச்சுகள் வந்தன. அக்காள் இருக்கும்போது தங்கைக்கு எப்படி என்று அம்மா கேட்டாள், பியூலாவும் சரி என்றாள். அப்பா இறந்தபோது அடக்கத்துக்கு வேண்டியதை எல்லாம் செய்தாள், அழவில்லை. பியூலா டீச்சருக்குக் கல் மனசு என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்தது. இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு போர்வெல் தண்ணீரில் டிபன் பாக்ஸைக் கழுவினாள்.

அம்மா ஒரு விடியற்காலையில் போனாள். ஆகவேண்டியதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டு பியூலா பள்ளிக்கூடம் கிளம்பினாள். அம்மா வரும்போது வரிசை ஒழுங்காக நிற்க வேண்டுமே. எட்டாம் வகுப்பு வரிசையில், முழுக்கை ரவிக்கையும் கணுக்கால் பாவாடையுமாக, பல் கொஞ்சம் எடுப்பான ஒரு பிள்ளை வந்து நின்று பாட்டை மிக உரத்த குரலில் பாடியது. அம்மாவுக்குச் சின்ன வயதில் பல் எடுப்பாக இருந்தது பியூலாவுக்குத் தெரியாது. "ஸ்டாண்ட் அட் ஈஸ்" என்றாள். பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டது. மணி அடித்ததும் அந்த இடம் காலியாகிவிட, பியூலா தலைமையாசிரியையிடம் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு அடக்கத்துக்குப் போனாள். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை என்றாலும், அவள் தினமும் கதவைத் திறந்து உள்ளே போனதும் "இல்லம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினாள்.

இப்படியே ஓய்வுபெறும் வருஷம் வந்துவிட்டது. இனி காலையில் அந்த மேடையில் நிற்கப்போவது ஷெரின் என்கிற புது பி.டி. டீச்சர், நல்ல பெண், நல்ல குரல், ஆனால் அவளுக்கு எப்சிபாவின் முகம் தெரியாது. அக்காளைத் தெரிந்த கண்கள் இந்த உலகத்தில் பியூலாவிடம்தான் மிச்சமிருந்தன. அவை அந்த மேடையை விட்டு இறங்கிவிட்டால், எப்சிபா வந்தாலும் யாரோ ஒரு பிள்ளை வந்து பாடிவிட்டுப் போனதாகத்தான் இருக்கும். எப்சிபா இருக்கிறாளா இல்லையா என்பது அப்புறம் என்றென்றைக்கும் தெரியாமலே போகும். இதை நினைத்தால் பயப்பட வேண்டும் என்று பியூலாவுக்குத் தெரிந்திருந்தது. பயம் வரவில்லை. ஷெரினுக்கு அடையாளம் சொல்லி வைக்கலாமே என்று யோசித்து, உயரமாக இருப்பாள் என்பதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியாமல் விட்டுவிட்டாள்.

ஓய்வுபெறும் ஆசிரியை பழைய மாணவியாக இருந்தால், கடைசி நாள் காலையில் அவர் பள்ளியை விட்டுப் போன வகுப்பின் வரிசையில் பிள்ளைகளோடு நின்று பாட வேண்டும் என்பது பள்ளியின் இன்னொரு வழக்கம். பியூலா டி.சி. வாங்கியது ஆறாம் வகுப்பில். ஆகவே அந்த ஏப்ரல் மாதக் காலையில், தாழம்பூ நிறப் பட்டுச் சேலையும் பிச்சிப்பூவுமாக, இடுப்பளவு உயரப் பிள்ளைகளுக்கு நடுவே எல்லாருக்கும் முன்வரிசையில் நின்றாள். பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். மேடையில் ஷெரின் ஏறினாள். விசில் ஊதினாள். வேலைக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, பியூலா வாசலைப் பார்த்து நின்றாள்.

கதவுக் கம்பிகளுக்கு அந்தப் பக்கம், தாமதமாக வந்த பிள்ளைகள் மூன்று நான்கு பேர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குச் சற்றுத் தள்ளி, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நீலத் தாவணியில் ஒரு பிள்ளை நின்றது.

பாட்டு ஆரம்பித்தது. பியூலாவும் பாடினாள், வாய் தானாகப் பாடியது. கம்பிக்கு வெளியே அந்தப் பிள்ளையின் வாயும் அசைந்தது. பியூலா குனிந்து பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டாள்.

"அங்க நிக்குறது யாரு?"

"லேட்டா வர்ற அக்கா டீச்சர்."

"லேட்டா வர்ற அக்காவா?"

"தெனமும் வருவாங்க டீச்சர். உள்ள விட மாட்டாங்க. எங்கம்மா படிக்கும்போதும் அங்கதான் நிப்பாங்களாம்." பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு, "பேரு கேக்கக் கூடாதுல்ல டீச்சர், அதான் கேக்கல" என்றது.

பியூலா வரிசையை விட்டு வெளியே வந்தாள். பாட்டு நடக்கும்போது நகரக் கூடாது என்று எத்தனை பிள்ளைகளை வெயிலில் நிற்கவைத்திருப்பாள், அதையெல்லாம் தாண்டி நடந்தாள். கொடிக்கம்பத்தைக் கடந்து, ஷெரினைக் கடந்து, வாசலுக்குப் போனாள். வாட்ச்மேன் சுடலைமுத்து ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

"அண்ணாச்சி, இந்தப் பிள்ளை எவ்வளவு காலமா வருது?"

"நான் வேலைக்கு வந்த நாள்லேருந்து நிக்குது டீச்சரம்மா. பாட்டு முடிஞ்சி மத்ததுகளை உள்ள விடுவேன், இது நிக்கும். மணியடிச்சா இருக்காது. மறுநா காலையில திரும்ப வந்து நிக்கும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "பதிவுலேருந்து பேரெடுத்த பிள்ளையாம்லா. விடக் கூடாதுன்னு அப்பவே பெரிய டீச்சர் சொன்னாவளாம், எனக்கு முந்தி இருந்தவரு சொல்லிட்டுப் போனாரு. ஏன், உங்களுக்குத் தெரியாதா? உங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சோம்."

பள்ளிக்கூடம் பொய் சொல்லவில்லை. எப்சிபா வரிசையில் வரவில்லை என்றுதான் சொன்னார்கள். வரிசையில் அவள் வரவில்லைதான்.

பியூலா கம்பிக்கு அருகில் போனாள். அவள் தேடிக்கொண்டிருந்தது நெடுநெடுவென்று உயர்ந்த ஒரு அக்காளை. இங்கே நின்ற பிள்ளை அவள் தோளுக்குக்கூட எட்டவில்லை. மோவாயில் ஒரு பரு. காதில் கம்மலுக்குப் பதில் வேப்பங்குச்சி. பாவாடை முழுக்க நனைந்து, காலோடு ஒட்டிக்கொண்டு, கான்வாஸ் ஷூவைச் சுற்றி ஆற்று மண்ணாக இருந்தது. சடை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. எந்தப் பக்கம் போனாள் என்று இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை. வலது பக்கம் போயிருக்கிறாள், அன்றைக்கே போயிருக்கிறாள். அம்மா ஸ்தோத்திரம் சொன்ன அத்தனை காலையிலும் இவள் இங்கே, பியூலாவின் முதுகுக்குப் பின்னால், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் நின்றிருக்கிறாள்.

"உன் பேரு என்னம்மா?" என்று பியூலா கேட்டாள். அந்தப் பள்ளியில் செத்தவர்களிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

"எப்சிபா தேவசகாயம். ஒன்பது பி." பிள்ளை அவளைத் தெரிந்துகொள்ளவில்லை, ஒரு டீச்சரைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தது. "உள்ள விடுவீங்களா டீச்சர்? பாட்டு முடியப்போவுது."

"கதவத் தெறங்க அண்ணாச்சி."

"டீச்சரம்மா, அது பேரெடுத்த..."

"தெறங்க."

கதவு கிரீச்சிட்டது. பியூலா அக்காளின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். மேடைக்குப் பக்கத்தில் நின்ற தலைமையாசிரியை ரத்தினகலாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது; புரிந்ததும் அவர் செய்ய வேண்டியதைச் செய்தார். நீக்கப்பட்ட ஒரு பிள்ளை வாசலில் நடந்தால் பள்ளி என்ன செய்ய வேண்டுமோ அதை ஷெரின் காதில் சொன்னார். ஷெரின் நல்ல பெண், சொன்னதைச் செய்கிற பெண். "ஸ்கூல், அபவுட் டர்ன்!" என்றாள். ஆயிரம் ஜோடிக் கால்கள் ஒரே சமயத்தில் மண்ணில் உரசின. ஆயிரம் முதுகும், இரண்டாயிரம் மடித்துக் கட்டிய சடையும் வாசலைப் பார்த்தன.

எப்சிபா நின்றுவிட்டாள். பியூலாவின் கைக்குள் இருந்த ஈரக் கை பின்னால் இழுத்தது.

"நான் போயிருதேன் டீச்சர்" என்றாள்.

பி.டி. டீச்சர்களுக்கு, கொடுத்த கட்டளையை இல்லையென்று ஆக்கி எல்லாரையும் பழைய நிலைக்குக் கொண்டுவருகிற கட்டளை ஒன்று உண்டு. வேலைக்காலம் முழுக்க மைதானத்தின் கடைசி வேப்பமரம் வரை கேட்கும்படி கத்திப் பழகிய தொண்டையால் பியூலா அதைச் சொன்னாள்.

"அஸ் யூ வேர்!"

ஷெரின் தலைமையாசிரியையைப் பார்த்தாள். பிள்ளைகள் யாரையும் பார்க்கவில்லை. அவர்களுடைய கால்களுக்கு அந்தக் குரல் தெரியும். பள்ளிக்கூடம் மொத்தமும் திரும்பி வாசலைப் பார்த்து நின்றது. அன்றைக்கு வந்திருந்த பழையவர்கள் இரண்டு பேரும் திரும்பினார்கள். பியூலா அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டு அத்தனை முகங்களுக்கும் நடுவே நடந்து, ஒன்பது பி வரிசையில் காலியாக விட்டிருந்த இடத்தில் அவளைக் கொண்டுபோய் நிறுத்தினாள். ரிப்பன் ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. மடித்துக் கட்டிவிட்டாள். நனைந்த முடி என்பதால் இரண்டு தடவை கட்ட வேண்டியிருந்தது.

"பாட்டை முதல்லேருந்து" என்றாள் ஷெரினிடம்.

முதலிலிருந்து பாடினார்கள். எப்சிபா சத்தமாகவும் கொஞ்சம் சுருதி விலகியும் பாடினாள். அவளுக்குப் பாட்டு வராது என்பதைப் பியூலா மறந்தே போயிருந்தாள். மணி அடித்தது. அந்த இடத்தில் மண் மட்டும் கொஞ்சம் ஈரமாக இருந்தது.

பியூலா காத்திருந்தாள், இப்போதாவது ஏதாவது வரும் என்று. ஒன்றும் வரவில்லை. மதியம் பாராட்டு விழா நடந்தது. சால்வை போர்த்தினார்கள், சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள், கண்டிப்பானவர், நேரம் தவறாதவர் என்று பேசினார்கள். தலைமையாசிரியை மாலை போட்டார். பிரியாணி நன்றாக இருந்தது. பியூலா சாப்பிட்டாள். ஷெரினிடம் விசிலைக் கொடுத்தாள், ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்து உள்ளே போய், சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள். பிறகு பூவை எடுத்துவிட்டு, தலைக்குக் குளித்துவிட்டு, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, வாசல் கதவின் இரண்டு பலகையையும் விரியத் திறந்து வைத்தாள். வீட்டில் இருந்த நாற்காலிகளையும் பெஞ்சையும் ஒவ்வொன்றாக இழுத்துக் கொண்டுவந்து, துக்க வீட்டில் போடுகிற மாதிரி வாசலில் வரிசையாகப் போட்டு, ஒன்றில் உட்கார்ந்தாள். சாயங்கால வெயில் தெருவில் பாதி வரை இருந்தது.

எதிர்வீட்டு ராவியத்து முதலில் பார்த்துவிட்டு, அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டே ஓடிவந்தாள்.

"என்ன டீச்சர், இன்னைக்கு ரிட்டயர்மெண்டுன்னுல்லா சொன்னீய? யாருக்கு என்ன ஆச்சு?"

"எங்க அக்கா தவறிட்டா."

"அல்லாவே." ராவியத்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷம் எதிரெதிர் வீட்டில் இருந்தும் டீச்சருக்கு ஓர் அக்காள் இருப்பது அவளுக்குத் தெரியாது. அதைக் கேட்கிற நேரமில்லை என்பதால் கேட்கவில்லை. சாவு வீட்டில் எல்லாரும் கேட்கிறதைத்தான் கேட்டாள்.

"வயசு என்ன இருக்கும் டீச்சர்?"

பியூலா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அம்மா வருஷா வருஷம் கூட்டிக்கொண்டே வந்த வயதுதான் நாக்கு வரை வந்தது. அது அறுபதைத் தாண்டியிருந்தது. அதை விழுங்கிவிட்டு, தோளுக்குக்கூட எட்டாத உயரத்தையும், மோவாய்ப் பருவையும், சுருதி விலகிப் பாடிய குரலையும் நினைத்தாள்.

"பதினாலு" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. தெருவில் சைக்கிளில் போனவர்கள் இறங்கி நிற்கும்படியாக, ராவியத்தின் மடியில் விழுந்து, சின்னப் பிள்ளை மாதிரி அக்கா அக்கா என்று அழுதாள்.